முட்டுகிற மாடும் எச்சரிக்கப்பட்ட எஜமானும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 21:28-32, உபாகமம் 20:19-20, ஆபகூக் 2:17





யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். பத்துக் கட்டளைகளின் மகிமையைக் கண்ட கண்களுக்கு, அடுத்து வரும் மாட்டையும் குழியையும் பற்றிய நியாயங்கள் சிறியவையாகத் தோன்றுகின்றன. ஆயினும் அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றுவிடுகிறது. மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். அதன் எஜமானோ குற்றமற்றவன். இது முதல் தீர்ப்பு. ஆனால் அந்த மாடு முன்னமே முட்டுகிற பழக்கமுடையது, அது எஜமானுக்கு அறிவிக்கப்பட்டும் இருந்தது, அவன் அதைக் கட்டி வைக்கவில்லை என்றால் தீர்ப்பு மாறுகிறது. அப்போது மாட்டோடு எஜமானும் கொலைப்பழிக்கு உட்படுகிறான்.

இரண்டு வழக்குகளிலும் மாடு ஒன்றே, மரணமும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான்: எஜமான் அறிந்திருந்தானா? அறிந்தும் தடுக்காமல் இருந்தானா?

மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தக் கேள்வி இன்று நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் எழுப்பப்பட்டுள்ளது. 2024 செப்டம்பர் 9 அன்று பசிபிக் பெருங்கடலின் மூன்று சிறு தீவு நாடுகளான வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகியவை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள் முன் ஒரு முன்மொழிவை வைத்தன. 1998-இல் உருவாகி 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சட்டத்தின்படி அந்த நீதிமன்றம் நான்கு குற்றங்களை விசாரிக்கிறது: இனப்படுகொலை, மனித குலத்திற்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம். இவற்றோடு ஐந்தாவதாக, சுற்றுச்சூழலைப் பேரளவில் அழிப்பதையும் குற்றமாகச் சேர்க்க வேண்டும் என்பதே அந்நாடுகளின் கோரிக்கை. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்க, தங்கள் கரைகள் கரைவதைக் கண்ணாரக் காண்கிறவர்கள் அவர்கள். வனுவாட்டுவின் தேசிய முழக்கமே, தேவனில் நாங்கள் நிற்கிறோம் என்று பொருள்படுவதாகும்.

இது அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் பேச வேண்டிய காரியம், ஆலயத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்கலாம். என் கருத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முயற்சி விசுவாசிகளின் ஆதரவுக்கும் ஜெபத்திற்கும் உரியது. ஏன் என்பதை வேதத்தின் வெளிச்சத்தில் ஆராய்வோம்.

ஒரு சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் 'ஈகோசைட்' என வழங்கும் சொல்லைத் தமிழில் சூழற்படுகொலை எனலாம். இச்சொல்லை 1970-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் முன்வைத்தவர் ஆர்தர் கால்ஸ்டன் என்னும் தாவரவியல் அறிஞர். இளமையில் அவர் செய்த ஆய்வு சோயாச் செடி விரைவில் பூப்பதற்கு உதவும் ஒரு வேதிப்பொருளைப் பற்றியது. அதே பொருளை மிகுதியாகப் பயன்படுத்தினால் இலைகள் உதிர்ந்துவிடும் என்பதையும் அவர் கண்டிருந்தார். பயிர் செழிக்கத் தேடிய அறிவை இராணுவ ஆய்வாளர்கள் இலை உதிர்க்கும் ஆயுதத்தைத் தேடுவதற்குப் பயன்படுத்தினர் என்பதை அவர் பின்னர் அறிந்தார்.

வியட்நாம் போரில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளைக் காடுகளின் மீதும் வயல்களின் மீதும் தெளித்தன. 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்பது அவற்றுள் பெயர் பெற்றது. அதில் கலந்திருந்த டையாக்சின் நஞ்சு மண்ணிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் தங்கியது. கால்ஸ்டன் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். ஓர் இனத்தை அழிப்பது குற்றம் என்றால், ஒரு நிலத்தின் உயிர்ச்சூழலையே அழிப்பதற்கு ஏன் ஒரு பெயர்கூட இல்லை என்பதே அவருடைய வேதனை.

போர்க்காலத்தில் மரங்களுக்கு ஒரு நியாயம் உண்டா என்று உலகம் 20-ஆம் நூற்றாண்டில் கேட்டது. மோசேயின் நியாயப்பிரமாணமோ அதை முன்னமே கேட்டிருந்தது. உபாகமம் 20-ஆம் அதிகாரத்தில், ஒரு பட்டணத்தை முற்றிக்கை போடும் சேனைக்குக் கர்த்தர் ஒரு வரம்பு இடுகிறார். கனிதரும் மரத்தின்மேல் கோடரி ஓங்கலாகாது. மனிதரோடு நடக்கும் யுத்தத்தில் மரம் ஒரு சத்துரு அன்று. ஆபகூக் தீர்க்கதரிசி இன்னும் கடுமையாகப் பேசுகிறார். பாபிலோன் மனித இரத்தத்திற்காக மட்டுமல்ல, லீபனோனுக்குச் செய்த கொடுமைக்காகவும், அங்கே மிருகங்களைக் கலங்கடித்ததற்காகவும் நியாயந்தீர்க்கப்படும் என்கிறார். தேவனுடைய நீதிமன்றத்தில் மரமும் மிருகமும் ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருக்கின்றன.

அந்தச் சொல்லின் வேரையும் கவனியுங்கள். அதன் முற்பகுதி கிரேக்க மொழியில் 'வீடு' என்னும் பொருளுடைய 'ஓய்கோஸ்'. பிற்பகுதி இலத்தீனில் 'கொல்லுதல்'. வீட்டைக் கொல்லுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் உக்கிராணக்காரன் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லும் அதே 'ஓய்கோஸ்' வேரிலிருந்து பிறந்ததுதான். வீட்டை விசாரிப்பதற்கு வைக்கப்பட்டவன் உக்கிராணக்காரன். அவனே வீட்டைக் கொல்லுகிறவனானால், எஜமான் திரும்பி வரும்போது அவனிடத்தில் என்ன கணக்குக் கேட்பார்?

சட்டத்தில் உள்ள இடைவெளி

1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐக்கிய நாடுகளின் மனிதச் சூழல் மாநாட்டில் சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே இந்தச் சொல்லை உலகத் தலைவர்களின் செவியில் போட்டார். பின்வந்த ஆண்டுகளில் போரின்போது இயற்கையைக் காக்கச் சில உடன்படிக்கைகள் எழுந்தன. ரோம் சட்டத்திலும் போர்க்குற்றங்களின் பட்டியலில் சுற்றுச்சூழலுக்குப் பரவலான, நெடுங்காலமான, கடுமையான சேதம் விளைவிப்பது இடம்பெற்றது. ஆனால் அது போர்க்காலத்திற்கு மட்டுமே. நம் காலத்தில் ஆறுகளும் காடுகளும் பெரும்பாலும் சமாதான காலத்திலேயே, உரிமப் பத்திரங்களுடன், அலுவலக நேரத்தில் அழிகின்றன. அதற்குச் சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் இடமில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத் தன் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளை ஒப்புக்கொடுத்தவர் பாலி ஹிக்கின்ஸ் என்னும் பிரித்தானிய வழக்கறிஞர். வருமானம் மிகுந்த தொழிலை விட்டுவிட்டு, 2010-இல் ஐக்கிய நாடுகளின் சட்ட ஆணையத்திடம் இக்குற்றத்திற்கான வரைவை அளித்தார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த திருநாளன்று, தம் 50-ஆம் வயதில் புற்றுநோயால் மரித்தார். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. ஈராண்டுக்குப் பின், 2021 ஜூனில், 12 சட்ட வல்லுநர்கள் கொண்ட சுயாதீனக் குழு இக்குற்றத்திற்கு ஒரு வரையறையை வெளியிட்டது. பிரித்தானியாவின் பிலிப் சாண்ட்ஸும் செனகலின் தியோர் ஃபால் சோவும் அதற்குத் தலைமை தாங்கினர்.

அந்த வரையறையின் சாரம் இதுதான். சட்டவிரோதமாகவோ பொறுப்பற்ற துணிகரத்தோடோ ஒரு செயல் செய்யப்பட வேண்டும். அதனால் சுற்றுச்சூழலுக்குக் கடுமையான சேதம் உண்டாகும் வாய்ப்பு மிகுதி என்று செய்கிறவர் அறிந்திருக்க வேண்டும். அச்சேதம் பரவலானதாகவோ நெடுங்காலம் நீடிப்பதாகவோ இருக்க வேண்டும். அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் நின்று பாருங்கள். முட்டுகிற மாட்டின் எஜமானை நியாயந்தீர்த்த அதே அளவுகோல் அல்லவா இது? லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும், எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியக்காரனுக்கு அதிக அடிகள் என்று போதித்தார்.

அபராதம் போதாதா?

நஷ்டஈடு வாங்கித் தரலாமே, சிறை எதற்கு என்பது நியாயமான கேள்வி. அதற்கு நம் தேசத்தின் சரித்திரமே பதில் சொல்லட்டும்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவில் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. உறக்கத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். இது எவரும் எதிர்பாராத விபத்தா? அல்ல. 1982-இல் அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தணிக்கைக் குழுவே ஆலையின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், நகரம் எரிமலையின் விளிம்பில் அமர்ந்திருக்கிறது என்னும் பொருளில் எழுதி எச்சரித்தார். மாடு முட்டும் என்று எஜமானுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

தீர்ப்பு என்ன ஆயிற்று? 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு முடிந்தது. 1996-இல் குற்றச்சாட்டு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. 26 ஆண்டுகள் கழித்து, 2010 ஜூனில், இந்திய அதிகாரிகள் எழுவருக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உடனே பிணையும் கிடைத்தது. தாய் நிறுவனத்தின் தலைவராயிருந்த வாரன் ஆண்டர்சன் ஒரு நாளும் இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்காமலே 2014-இல் காலமானார். ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டது 2025 ஜனவரியில்தான். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்த நாற்பது ஆண்டுகள் அளவுக்கு அந்த நஞ்சு அங்கே காத்திருந்தது.

நம் தமிழகத்திலும் ஒரு வழக்கு உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றங்கரை கெட்டபோது வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன என்பது அந்நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய பெருமை அத்தீர்ப்புக்கு உண்டு. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் அதில் விதிக்கப்பட்டன. ஆயினும் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், அதே வேலூர்ப் பகுதித் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

அபராதம் மட்டுமே தண்டனையாக இருக்கும்போது, அது செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. கொடுக்கப் பணமுள்ளவனுக்கு அது அனுமதிச் சீட்டு. குற்றவியல் சட்டமோ நிறுவனத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே சென்று, கையெழுத்திட்ட மனிதன் யார் என்று கேட்கிறது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லாம் சட்டப்படியே நடந்தன: நிருபம் எழுதப்பட்டது, முத்திரை போடப்பட்டது, மூப்பர் கூடினர், சாட்சிகள் நின்றனர். பழி ஒருவர்மேலும் விழாதபடி பலரிடத்தில் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் கர்த்தர் எலியாவை ஆகாபிடத்திற்கே நேராக அனுப்பினார். தேவனுடைய நியாயம் ஆள் பெயரை அறியும்.

நம்மிடையே எழும் ஆட்சேபங்கள்

இந்தப் பூமி எப்படியும் வெந்து அழிந்துபோகும் என்று 2 பேதுரு 3-ஆம் அதிகாரம் சொல்லுகிறதே, அதை ஏன் காக்க வேண்டும் என்பர் சிலர். நம் சரீரமும் மண்ணுக்குத் திரும்பும். அதற்காகக் கொலையை நாம் அனுமதிக்கிறோமா? நியாயத்தீர்ப்பின் அக்கினி கர்த்தருடைய கரத்தில் உள்ளது. அதை மூட்டும் அதிகாரம் எந்த நிறுவனத்திற்கும் அளிக்கப்படவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 11:18, பூமியைக் கெடுக்கிறவர்கள் கெடுக்கப்படும் காலம் ஒன்று உண்டு என்று அறிவிக்கிறதையும் மறவாதிருப்போம்.

மனிதனுக்கு ஆளுகை கொடுக்கப்பட்டிருக்கிறதே என்பர் வேறு சிலர். ஆம், ஆதியாகமம் 1-ஆம் அதிகாரத்தில் ஆளுகை உண்டு. அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாம் வைக்கப்படுகிறான். எசேக்கியேல் 34-இல், நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கிற, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் குழப்புகிற கொழுத்த ஆடுகளைக் கர்த்தர் கடிந்துகொள்கிறார். மேய்ந்ததையும் குடித்ததையும் அவர் குற்றமாக எண்ணவில்லை. மெலிந்த ஆட்டுக்கு மீதியில்லாமல் செய்ததே குற்றம்.

ஏழைகள் பிழைப்பு என்னாகும் என்னும் கேள்வியை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். தோல் ஆலைகளால் அடுப்பெரியும் வீடுகள் நம் சபைகளிலும் உண்டு. விறகு பொறுக்குகிறவளையோ, ஒரு குடும்பத்தின் சிறு பட்டறையையோ இந்த வரையறை தொடாது. கடுமையும் பரப்பும் அல்லது கால நீட்சியும் சேர்ந்த பேரழிவையே அது குறிக்கிறது. சமூக, பொருளாதார நன்மைகளையும் எடைபோட்டுப் பார்க்கும்படி அது சொல்கிறது. அந்த எடைக்கல்லே பெரியவர்கள் தப்பிக்கும் வாசலாகிவிடும் என்று கவலைப்படுவோரும் உண்டு. அக்கவலை அலட்சியம் செய்யத் தக்கதன்று. ஆனால் போபாலில் அந்த இரவு முதலில் மடிந்தவர்கள் ஆலையை ஒட்டிய குடிசைவாசிகள். கிணறு கெட்டால் வேறு கிணறு தோண்ட இயலாதவனும் ஏழைதான். ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையின் தண்ணீரைக் கெடுக்க இடங்கொடுக்கலாகாது.

கிறிஸ்தவர்கள் மன்னிப்பைப் பேச வேண்டியவர்கள் அல்லவா என்பது கடைசிக் கேள்வி. மன்னிப்பு நியாயத்தைத் தள்ளிவிடாது. இரட்சிப்பு வீட்டுக்கு வந்த நாளில் சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அன்றியும், மன்னிக்கும் உரிமை இழந்தவனுக்கே உரியது. இன்னும் பிறவாத பிள்ளைகளின் தண்ணீரை அழித்தவனை அவர்கள் சார்பில் மன்னிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சட்டத்தின் எல்லையும் நம் கடமையும்

இந்தச் சட்டத்தில் மிகையான நம்பிக்கை வைக்க வேண்டாம். ரோம் சட்டத்தைத் திருத்த உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு இணங்க வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் சீனாவும் ரஷ்யாவும் அந்நீதிமன்றத்தின் உறுப்பினர் அல்ல. எனினும் தனி நாடுகள் நடக்கத் தொடங்கிவிட்டன. பிரான்சு 2021-இல் தன் சட்டத்தில் இக்குற்றத்தின் ஒரு வடிவத்தைச் சேர்த்தது. பெல்ஜியப் பாராளுமன்றம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 20 ஆண்டுவரை சிறை உண்டு. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் இயற்கை அன்னையை உரிமைகளுள்ள உயிருள்ள ஆள் என்றே அறிவித்தது.

எந்தச் சட்டமும் இருதயத்தை மாற்றாது. அது சுவிசேஷத்தின் வேலை. தொலைவில் உள்ள ஒரு முதலாளியைச் சுட்டிக்காட்டுவதோடு நம் மனச்சாட்சி உறங்கிவிடுமானால், இந்த விவாதமே நமக்குக் கண்ணியாகும். நம் காலணியும் கைப்பேசியும் எங்கோ ஓர் ஆற்றின் விலையில் வந்தவையாக இருக்கலாம்.

இப்போது மாட்டின் வழக்குக்குத் திரும்பி, அதில் நாம் கவனியாத ஒருவரைப் பாருங்கள். எஜமானுக்கு மாட்டின் குணம் அறிவிக்கப்பட்டிருந்தது என்றால், அறிவித்த ஒருவர் இருந்தார். வேதம் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அவர் அயலானாக இருக்கலாம், வேலைக்காரனாக இருக்கலாம். அவர் வாய் திறந்திராவிட்டால் அந்த எஜமான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பியிருப்பான்.

நம் சபையில் ஆலைகளில் பொறியாளராகவும் ஆய்வகத்தில் நீரைச் சோதிப்பவராகவும் அரசு அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்துகிறவராகவும் வேலை செய்கிற அன்பானவர்களே, உங்களை நோக்கியே இதைச் சொல்லுகிறேன். கழிவு எந்த இரவில் திறந்துவிடப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கையில் எந்த எண் திருத்தப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் அந்த மௌனத்தில் தொங்கிக்கொண்டிருப்பதை நான் அறியாதவனல்ல. ஆகையால் உங்களைத் தனியே விட்டுப் பேசச் சொல்வது சபைக்கு அழகன்று. உண்மை பேசியதால் ஒருவர் வேலையிழந்தால், அந்தக் குடும்பத்தைத் தாங்குவது சபையின் காணிக்கைக்கு உரிய செலவு என்று நான் நம்புகிறேன். கருத்துக்கேட்புக் கூட்டம் நம் வட்டாரத்தில் அறிவிக்கப்படும்போது அங்கே போய் அமர்வதும், கேள்வி கேட்பதும், எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பதும் சாட்சியின் ஒரு வகையே.

ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் சிருஷ்டி தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறதைக் கேட்கிறார். அது தேவபுத்திரர் வெளிப்படுவதற்குக் காத்திருக்கிறது என்கிறார். சிருஷ்டி காத்திருப்பது நீதிபதிகளுக்காக மாத்திரம் அல்ல, நமக்காகவும்தான்.

ஜெபிப்போம்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின ஆண்டவரே, நீர் எங்களிடம் ஒப்புவித்த வீட்டுக்காக உம்மைத் துதிக்கிறோம். நஞ்சால் மடிந்தவர்களையும், இன்னும் வேதனைப்படுகிறவர்களையும் நினைத்தருளும். சட்டம் இயற்றுவோருக்கு நீதியையும், அதிகாரமுள்ளோருக்கு உமக்குப் பயப்படும் பயத்தையும் தாரும். அறிந்தவர்களுக்குப் பேசும் தைரியத்தையும், எங்கள் சபைக்கு அவர்களைத் தாங்கும் அன்பையும் தாரும். நீர் வந்து கணக்குக் கேட்கும் நாளில், காத்த கைகளோடு உம்முன் நிற்க எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.